விபத்துக்குச் சாதி இல்லை, பழிக்கு உண்டு

"விபத்துலகூடவா தம்பி சாதி பாப்பீங்க?"

இப்படிக் கேட்டவர் கெட்டவர் அல்ல. எங்கள் ஊர் பேருந்து நிறுத்தத்தில் தேநீர்க் கடை வைத்திருப்பவர். விபத்தில் இறந்தவருக்குக் கடன் கொடுத்தவர், அந்தக் கடனை இனிமேல் கேட்கப் போவதில்லை என்று அவராகவே சொன்னவர். அவர் கேட்டதில் வெறுப்பு இல்லை, உண்மையான குழப்பம்தான் இருந்தது. அதனால்தான் அதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை மாலை. இருவழிச் சாலை, நடுவில் தடுப்பு கிடையாது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று மெதுவாகப் போகிறது. அதன் பின்னால் வந்த கார், சிறு பாலத்துக்கு முன்னால் இருக்கும் வளைவில் டிராக்டரை முந்தியது. எதிரே ஒரு பைக். அதில் மூன்று பேர், கட்டட வேலை முடித்து வாரக் கூலி வாங்கிக்கொண்டு வந்த காலனிக்காரர்கள். ஓட்டி வந்த கொத்தனாருக்கு வயது 28. அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். பின்னால் இருந்த ஒருவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. மூன்றாமவர் வயலில் விழுந்து பிழைத்தார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. "டிரிபிள்ஸ் வந்திருக்கானுங்க." "சனிக்கிழமை கூலி வாங்குனா நேரா எங்க போவானுங்கன்னு தெரியாதா?" "லைசென்ஸ் இருந்திருக்காது." கூடியிருந்தவர்களில் யாரும் மோதலைப் பார்க்கவில்லை. பார்த்த ஒரே மனிதரான டிராக்டர் ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பைக் எந்தத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது, கார் யார் வீட்டு வாசலில் நிற்கும் கார் என்று தெரிந்தபின் வேறு எதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது?

மறுநாள் காலை நான் அந்த இடத்துக்குப் போனேன். முகப்பு விளக்கின் கண்ணாடித் துண்டுகள் பைக் வந்த பக்கத்தில், சாலையின் ஓரத்தில் கிடந்தன. காரின் டயர் தடம் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் சாய்வாக இழுபட்டிருந்தது. நிலையத்தில் நின்ற காரில் நொறுங்கியிருந்தது வலது முன்மூலை. இடதுபக்கம் ஓட்டுகிற நாட்டில் முந்துகிற வண்டி வலப்புறம் ஏறும், எதிரே வருகிறவனின் பாதையில். அங்கே மோதினால் உடைவது அதன் வலது மூலைதான். இதைப் புரிந்துகொள்ள நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

முதல் தகவல் அறிக்கை காரில் வந்தவரின் உறவினர் கொடுத்த புகாரின் பேரில் பதிவாகியிருந்தது. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" ஓட்டி வந்தவர் பைக் ஓட்டியவராம். தமிழ்நாட்டின் எந்தக் காவல் நிலையத்தின் விபத்து வழக்கை எடுத்தாலும் இந்த இரண்டு சொற்கள் இருக்கும். யார் பெயருக்கு முன்னால் அவை ஒட்டப்படுகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே அவை இறந்தவரின் பெயருக்கு முன்னால் ஒட்டப்பட்டன. இதன் பொருள் என்ன என்று நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. குற்றம் சுமத்தப்பட்டவரே இறந்துவிட்டால் வழக்கை நடத்த முடியாது. 'எதிரி இறந்துவிட்டதால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது' என்று இறுதி அறிக்கை எழுதி மூடிவிடலாம். விசாரணை இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. செத்தவன்தான் குற்றவாளி, செத்ததுதான் அவனுக்குத் தண்டனை.

"சரி, போனவன் போயிட்டான், எப்.ஐ.ஆர்.ல என்ன இருந்தா என்ன?" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்கும் வழக்கு, நம் ஊர்களில் எம்.சி.ஓ.பி. என்று சொல்லப்படுவது, எதிர்த்தரப்பு ஓட்டுநரின் கவனக்குறைவை அடிப்படையாகக் கொண்டது. 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை வகுத்துத் தந்திருக்கிறது. அந்தக் கொத்தனாரின் மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்வதாக வையுங்கள். 40 வயதுக்குக் குறைந்த சுயதொழில் செய்பவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 விழுக்காடு கூட்டினால் 21,000. மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்ததால் அவரது சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. 28 வயதுக்குரிய பெருக்கற்காரணி 17. மொத்தம் 32,13,000 ரூபாய்.

விபத்துக்கு அவரே முழுப் பொறுப்பு என்று முடிவானால் அந்தத் தொகை கிடைக்காது. தன் தவறால் இறந்தவரின் வாரிசு, எதிர் வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் 166-ஆம் பிரிவில் கேட்க முடியாது. தொடை முறிந்தவரும் சிக்கிக்கொள்வார். பைக்குக்கு இருப்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால், பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு அது பொருந்தாது என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவறு கார் மீது இல்லை என்றாகிவிட்டால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்? தவறை நிரூபிக்கத் தேவையில்லாத 164-ஆம் பிரிவு இருக்கிறது. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். அவ்வளவுதான். ஆக, தேநீர்க் கடையில் யோசிக்காமல் சொல்லி, காவல் நிலையத்தில் எழுத்தாகிவிட்ட ஒரு வாக்கியம் ஒரு காலனிக் குடும்பத்திடமிருந்து 27 லட்சம் ரூபாயைப் பறிக்கக்கூடியது. சாதி ஒருவரைப் பேச்சில் இழிவுபடுத்துவதோடு நின்றுவிடுவதில்லை. அவர் குடும்பத்தின் சோற்றுப்பானை வரை வருகிறது.

அந்த மூன்று குற்றச்சாட்டுகளுக்கு வருவோம். மூன்று பேர் வந்தது விதிமீறல்தான். அபராதம் போடட்டும். ஆனால் மூன்று பேர் உட்கார்ந்திருந்ததால் கார் வளைவில் முந்தியதா? 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைத் தீர்த்து வைத்தது. பைக்கில் மூவர் சென்றார்கள் என்பதற்காக மட்டும் இழப்பீட்டைக் குறைக்க முடியாது, அது விபத்துக்கோ காயத்துக்கோ காரணமானது என்று காட்ட வேண்டும் என்றது. உரிமம் இல்லாததும் அப்படியே. உரிமம் இல்லாமல் ஓட்டிய ஒரே காரணத்தால் விபத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்று ஆகிவிடாது என்று 2008-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. குடித்திருந்தாரா என்பதற்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது, உடற்கூராய்வு இருக்கிறது. "குடிச்சிருப்பான்" என்பது இந்த இரண்டிலும் சேராது.

நீதிமன்றம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எந்தச் செயல் மோதலை உண்டாக்கியது? ஊர் கேட்கும் கேள்வி வேறு: எவன் இப்படிச் செய்யக்கூடியவன்? சாதி எப்போதுமே இந்த இரண்டாவது கேள்வியில்தான் குடியிருக்கிறது. செயலை விட்டுவிட்டுப் பிறப்பைப் பார்க்கும். காரில் வந்தவர் தவறு செய்தால் அது ஒரு கணத்துத் தவறு, "பாவம், கட்டுப்பாட்ட இழந்துட்டாரு." பைக்கில் வந்தவர் தவறே செய்யாவிட்டாலும் அது "அவனுங்க புத்தி."

அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 1929-இல் பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராகச் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த அவர் சாலிஸ்கானில் இறங்கினார். அவரை மகர்வாடாவுக்கு அழைத்துச் செல்ல எந்தக் குதிரைவண்டிக்காரரும் தயாராக இல்லை. தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்டுவது தன் மரியாதைக்குக் குறைவு என்பது அந்த வண்டிக்காரர்களின் நிலை. கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள். ஓட்டிப் பழக்கமே இல்லாத ஒரு மகர் கடிவாளத்தைப் பிடித்தார். கொஞ்ச தூரத்திலேயே எதிரே வந்த மோட்டார் காருடன் மோத இருந்து தப்பினார்கள். பிறகு ஒரு சிறு பாலத்தின் கற்களில் சக்கரம் சிக்கியது. அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார், கால் முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன் வாழ்க்கைக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

இந்த விபத்துக்கு யார் பொறுப்பு? இன்றைய முதல் தகவல் அறிக்கை எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று யோசியுங்கள். ஓட்டத் தெரியாத மகர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதால் விபத்து. எழுத்தளவில் அது பொய்யும் அல்ல. ஆனால் ஓட்டத் தெரிந்த கைகள் எல்லாம் எங்கே போயின என்ற கேள்வி அந்த அறிக்கையில் இருக்காது. அதே குறிப்புகளில் 1901-ஆம் ஆண்டு நிகழ்ச்சியும் இருக்கிறது. மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவன் பீமையும் உடன் வந்த பிள்ளைகளையும் ஏற்றி ஓட்ட எந்த மாட்டுவண்டிக்காரரும் வரவில்லை. இரட்டை வாடகை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையே ஓட்டச் சொல்லிவிட்டு, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். அந்த இரவில் மாடு மிரண்டு வண்டி பள்ளத்தில் கவிழ்ந்திருந்தால், பழி ஒரு சிறுவன் மேல் விழுந்திருக்கும்.

கடைசியாகக் கை வைத்தவன் யார் என்று மட்டும் பார்ப்பது பழியை ஏழைகள் தலையில் இறக்கிவைக்கும் பழைய தந்திரம். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கையைப் பாருங்கள். அந்த ஆண்டு நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடுதான் முதலிடம். இறந்தவர்களில் சுமார் 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். சாவுகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் 'அதிவேகம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. அந்தத் தலைப்பு எங்கிருந்து வருகிறது? காவல் நிலையங்களிலிருந்துதான், அதே இரண்டு சொற்களிலிருந்துதான். வளைவில் எச்சரிக்கைப் பலகை இருந்ததா, தெருவிளக்கு எரிந்ததா, கடைசிப் பேருந்து ஆறரை மணிக்கே போய்விடுகிற காலனிக்கு மூன்று தொழிலாளிகள் வேறு எப்படித்தான் வந்து சேர்வது? 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தவறு செய்த அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சொல்கிறது. உங்கள் ஊரில் யாராவது அதில் அபராதம் கட்டிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இப்போது முந்துவது என்ற விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நம் சமூகம் தன்னை முழுதாகக் காட்டிக்கொள்கிறது.

முன்னால் சாலை தெளிவாகத் தெரியாத இடத்தில், வளைவில், எதிரே வருபவருக்கு ஆபத்து என்றால், முந்தக் கூடாது. சட்டத்துக்குப் புறம்பாக முந்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே 184-ஆம் பிரிவு சொல்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே சாலை விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. 1989 விதிகளில் இருந்தது, 2017 ஒழுங்குமுறைகளிலும் இருக்கிறது. உங்களை ஒருவர் முந்தும்போது நீங்கள் வேகத்தைக் கூட்டக் கூடாது, அவர் முந்துவதைத் தடுக்கும் எதையும் செய்யக் கூடாது. முந்தப்படுகிறவருக்கும் கடமை உண்டு. பின்னால் வந்தவன் முன்னால் போவதைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

நம் கிராமங்களில் இந்த விதியைத்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை. காலனிப் பையன் பைக்கில் முந்திப் போனால் அது வாகனம் முந்தியதாகத் தெரிவதில்லை, சாதி முந்தியதாகத் தெரிகிறது. ஊர்த்தெருவில் சைக்கிளில் இருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்றிருந்த காலத்தை நம் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். அவர் குதிரை வைத்திருந்ததையும் ஓட்டியதையும் பொறுக்காமல் கொன்றதாகத் தந்தை புகார் கொடுத்தார். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பம் சொன்னது. மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள். இதெல்லாம் கற்பனை என்று நினைப்பவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திறந்து பார்க்கட்டும். 2015 திருத்தத்துக்குப் பின் பிரிவு 3(1)(இசட்ஏ), பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதை ஒரு குற்றமாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இரு சக்கரத்தில் ஏறுவதற்கே நாடாளுமன்றம் பாதுகாப்புத் தரவேண்டிய நாட்டில், இரு சக்கரம் நொறுங்கும்போது மட்டும் சாதி விலகி நின்று வேடிக்கை பார்க்குமா, அண்ணே?

இனி நம் பக்கம் பேச வேண்டியதையும் பேசிவிடலாம். அந்த விபத்து நடந்த இரவே நம் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'சாதிவெறியர்கள் காரை ஏற்றிக் கொன்றார்கள்' என்று ஒரு செய்தி சுற்றியது. அது தவறு. கார் ஓட்டியவர் பைக்கில் யார் வந்தார்கள் என்று பார்த்து மோதியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வளைவில் பொறுமையில்லாமல் முந்தினார், கொன்றார். அது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(1). வன்கொடுமை தொடங்குவது அதற்குப் பிறகு, பழியைப் பிணத்தின் மீது மாற்றி எழுதும்போதுதான். இரண்டையும் குழப்பினால் முதலாவதை நிரூபிக்க முடியாமல் இரண்டாவதையும் இழப்போம். பிறப்பைப் பார்த்துக் குற்றவாளியை முடிவுசெய்வது அவர்கள் பழக்கம். நமக்கு அது எதற்கு?

நம் பையன்களில் சிலர் ரீல்ஸுக்காகப் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்து ஓட்டுகிறார்கள் என்பதும் உண்மை. மற்ற தெருப் பையன்களும்தான் ஓட்டுகிறார்கள். நாளை அவர்களில் ஒருவன் தவறாக முந்தி யாரோ ஒரு முதியவரை இடித்தால், அவன் எந்தத் தெரு என்று பார்க்காமல் அவன் செய்தது தவறு என்று சொல்ல நமக்குத் தெம்பு வேண்டும். அப்படிச் சொல்கிறவர்களால்தான் இன்று இந்தக் காரைச் சுட்டிக்காட்டவும் முடியும். தலைக்கவசத்தைப் போடுங்கள். அது நீதிமன்றத்துக்காக அல்ல, உங்கள் அம்மாவுக்காக.

செய்ய வேண்டியவை எளிமையானவை. விபத்து நடந்தால் முதலில் காயம்பட்டவரை மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வண்டிகளை நகர்த்தும் முன் படம் எடுங்கள்: கண்ணாடித் துண்டு எங்கே கிடக்கிறது, டயர் தடம் எந்தப் பக்கம், எந்த மூலை நொறுங்கியிருக்கிறது, நடுக்கோடு எங்கே. நேரில் பார்த்தவரின் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள், பின்னாளில் வழக்கு அதில்தான் நிற்கும். எதிர்த்தரப்பு முந்திக்கொண்டு புகார் கொடுக்கும் முன் காயம்பட்டவரின் வாக்குமூலம் பதிவாகட்டும். நிலையம் மறுத்தால் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள், அதற்கும் பலன் இல்லையென்றால் பி.என்.எஸ்.எஸ். 175(3)-இன் கீழ் நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையே கடைசி வார்த்தை அல்ல. இழப்பீட்டு வழக்கில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஆனால் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வழக்கறிஞரைப் பாருங்கள்.

அந்த டிராக்டர் ஓட்டுநரை இரண்டு வாரம் தேடிக் கண்டுபிடித்தோம். பக்கத்து ஒன்றியத்துக்காரர், ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர். "நான் பாத்தத நான் சொல்றேன், எனக்கென்ன பயம்?" என்றார். வாக்குமூலம் தந்திருக்கிறார். வழக்கு என்னவாகும் என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் தான் பார்த்ததைத் தன் சாதியிடம் கேட்காமல் சொல்ல ஒருவர் இருந்தார்.

இறந்தவரின் அம்மா என்னிடம் பணத்தைப் பற்றி ஒரு முறைகூடப் பேசியதில்லை. அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான். "எம்புள்ள மேலயே கேசு எழுதிட்டாங்களாமே தம்பி. அவன் சரியான பக்கந்தான வந்தான்?"

ஆமாம் அம்மா. அவன் சரியான பக்கம்தான் வந்தான். அதை எழுத்தில் வாங்கித் தருவதுதான் நம் வேலை.